சிவப்பு வந்தது, கறுப்பு வந்தது

சிவப்பு வந்தது, கறுப்பு வந்தது, பச்சை வரவில்லை. மைதிலி சமையலறை மூலையில் ஸ்டூல்மேல் ஏறி நின்று, சுவர் ஓட்டையிலிருந்து தலைநீட்டிய இரண்டு தடித்த ஒயர்களையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, மூன்றாவது இதோ வரும் இதோ வரும் என்று அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் மெயின் பெட்டிக்குக் கீழே நின்று சென்னியப்பன் தள்ளவேண்டும், இங்கே இவள் இழுக்கவேண்டும், சுவருக்குள் புதைந்த குழாய் வழியே மூன்றும் சேர்ந்து வரவேண்டும், அதுதான் ஏற்பாடு. வாசல் நிலைக்கு மேலே குழாய் திரும்புகிற இடத்தில் பச்சை மாட்டிக்கொண்டது. "வந்துருச்சான்னு கேளுங்க சித்தி" என்று அங்கிருந்து சத்தம் வந்தது. நடுவில் நின்ற அத்தை, "வந்துருச்சா மைதிலி?" என்றாள். "ரெண்டு வந்துருச்சுங்கத்தை" என்றாள் இவள், அத்தைக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு. "ரெண்டு வந்துருச்சாமா சென்னி." "அது போதும் சித்தி. பச்சையை இப்பிடியே உருவிர்றேன். எர்த்துத்தானே, அப்பறம் ஒரு நாளைக்குப் பாத்துக்கலாம்." சுவருக்குள்ளே சரசரவென்று ஒன்று பின்வாங்கிப் போகிற சத்தம் கேட்டது. எர்த்துத்தானே. அந்தத் 'தானே'யை இவள் மனசு பிடித்துக்கொண்டது. உப்புத்தானே, மறந்துட்டேன், போட்டுக்கலாம் என்கிற மாதிரி. ஸ்டூலிலிருந்து இறங்கினால் கால் ஈரத்தில் பட்டது. வெள்ளிக்கிழமை என்று விடியும்போதே சமையலறையைக் கழுவி, புது அடுப்புக்கு முன்னால் அரிசிமாவைக் கரைத்து அத்தை கோலம் இழுத்திருந்தாள், அது இன்னும் காயவில்லை. பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் பால் பொங்கவேண்டும். பொங்கினால் போதாது, பொங்கி வழியவேண்டும், அடுப்பு நனையவேண்டும், அப்போதுதான் வீட்டுக்கு நல்லது. மஞ்சள் கொத்து கட்டிய எவர்சில்வர் குண்டாவில் பால் தயாராக இருந்தது. தலைக்குக் குளித்துக் கூந்தல் நுனியில் முடிச்சுப்போட்டு, கையில் குழந்தையுள்ள சுமங்கலிதான் முதல் சுச்சைப் போடவேண்டும் என்று நேற்றே முடிவாகியிருந்தது. அதாவது இவள்.

ஓவனும் அதற்கு மேலே உட்கார்கிற கரண்டுக் கண்ணாடி அடுப்பும் புதுசு இல்லை. புருஷன் மாதேசு கொண்டுவந்தது. பெரிய பெரிய வீடுகளுக்குப் போய்ச் சமையலறை அலமாரி மாட்டுகிறவன், ஒரு அடுக்குமாடியில் பழசைக் கழற்றிப் புதுசு வைத்தபோது அந்த வீட்டம்மா, "எடுத்துட்டுப் போறீங்களா தம்பி" என்றாளாம். துணியில் சுற்றி ஆட்டோவில் வைத்து, பச்சப்பிள்ளையைக் கொண்டுவருகிறவனாட்டம் மடியில் பிடித்துக்கொண்டு வந்தான். "ஊரான் வீட்டுக்கெல்லாம் மாட்டறேன், என்ற வீட்டுல ஒன்னு இருக்கக்கூடாதா" என்று பத்து நாள் சாயங்காலம் சாயங்காலம் பலகை அறுத்துத் திண்டு கட்டி, ஓவனை அதற்குள் பதித்தான். இவள் முகத்தைப் பார்க்காமல், "நீ கேக்கெல்லாம் பண்ணலாம்" என்றான். அவனும் இவளைப் போலத்தான், ஆசையைச் சொல்லும்போது வேறெங்கோ பார்ப்பான். அதே மூச்சில் சிரித்துக்கொண்டே சொன்னான், "எப்பவாச்சும் கையில சுள்ளுங்குதுன்னு அந்தம்மா சொல்லுச்சு. ஈரக் கையா இருக்கும். பெரிய வீட்டுக்காரங்களுக்கு எல்லாமே சுள்ளுங்கும்." இவளும் சிரித்தாள். இப்போது சிரிப்பு வரவில்லை. சுள். எங்கே சுள்? கைப்பிடியிலா, கதவிலா, முகப்புத் தகட்டிலா? கேட்டிருக்கலாம். அவனிடம் கேட்பதற்கென்ன, புருஷன்தானே, ஆனால் அவன் சந்தோஷமாக இருந்தான், சந்தோஷமாக இருக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா அது. ஓவனின் பளபளத் தகடு தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் ஆரம்பித்தது. பாப்பாவின் உயரம். ஒரு வருஷமும் ஒரு மாதமும் ஆன பாப்பா எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தாள், இந்த வாரம் முழுக்க அவள் பிடித்துக்கொண்டு நின்றது ஓவனைத்தான். தகட்டுக்குள் இன்னொரு பாப்பா தெரிகிறாள் அல்லவா, அவளைத் தட்டுவாள், அவளுக்கு முத்தம் கொடுப்பாள், நாக்கை நீட்டி நக்கவும் நக்குவாள். நேற்றுவரைக்கும் அது சும்மா இரும்பு. இன்றைக்குப் பத்தரைக்குப் பிறகு?

சென்னியப்பன் ஸ்குரூடிரைவரைக் காதில் செருகிக்கொண்டு உள்ளே வந்ததும் இவள் முந்தானையை இழுத்துவிட்டுக் கதவோரம் ஒதுங்கினாள். மாதேசுவின் பெரியப்பா மகன், இவளுக்கு மூத்தார் முறை. மில்லில் வயர்மேனாக இருபது வருஷம். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் இவள் அவரோடு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசக்கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் பேசியதில்லை. பாப்பா பிறப்பதற்கு முன்னால் அவர் வந்தால் காலண்டரைப் பார்த்து, "அவரு வெளிய போயிருக்காரு" என்பாள். பாப்பா பிறந்தபிறகு சௌகரியமாகிவிட்டது. "பாப்பா, பெரியப்பாவுக்குக் காப்பி வேணுமான்னு கேளு." அவரும், "வேணாம்னு அம்மாகிட்டச் சொல்லு கண்ணு" என்பார். பாப்பா இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்க்கும். இப்போது பாப்பா இவள் இடுப்பில் தாலிக்கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தாள். அவர் குந்தி உட்கார்ந்து ஓவனின் பின்பக்க ஒயரைப் பிரித்தார். அதற்குள்ளும் மூன்று. சிவப்பைச் சிவப்போடு முறுக்கினார், கறுப்பைக் கறுப்போடு. ஓவனிலிருந்து வந்த பச்சையை வெளியே எடுத்தார். நுனியை நறுக்கினார், பின்னால் மடித்தார், கறுப்பு டேப்பைச் சுற்றினார், இரண்டு சுற்று, பெட்டிக்குள் திணித்து மூடியைப் போட்டார். வாயில் ஏதோ ஒரு பாட்டு முனகிக்கொண்டே செய்தார். பார்த்தாளா? பார்த்தாள். சரியாகப் பார்த்தாளா? கதவோரம் வெளிச்சம் குறைச்சல்தான். ஆனால் பச்சையை இருட்டில் தொட்டாலும் இவளுக்குத் தெரியும். இவளுக்குக் கரண்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, பச்சை ஒன்றுதான் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் கணபதியில் மாவு கிரைண்டர் செய்கிற பட்டறையில் இரண்டரை வருஷம் இருந்தாள், இரண்டரை வருஷமும் ஒரே வேலை. கிரைண்டர் மேஜைக்கு வரும். உள்ளேயிருந்து பச்சை ஒயர் தொங்கும். அதன் வளையத்தில் பல் வாசரைப் போட்டு, ஸ்குரூவை நுழைத்து, இரும்பு உடம்போடு சேர்த்து இறுக்கவேண்டும். வாசரின் பல் பெயிண்டைக் கடித்துக்கொண்டு உள்ளே இறங்கும்போது கைக்கு ஒரு நறநறப்புத் தெரியும். அந்த நறநறப்பு வந்தபிறகு இன்னொரு கால் சுத்து. அவ்வளவுதான், அடுத்தது. மேஜை மேஜையாகச் சுற்றிவரும் எஸ்தர் அக்கா, வந்த புதிதில் இவளைப் பக்கத்தில் நிறுத்திச் சொன்னாள்: "இங்க பாரு புள்ளே. சிவப்புல வர்ற கரண்டு கறுப்புல திரும்பிப் போயிரும். உள்ள எங்கயாச்சும் தேஞ்சு, வழி தப்பி இரும்புக்கு வந்துருச்சுன்னா, பச்சை அதைப் புடிச்சு மண்ணுக்குக் கொண்டுபோயிரும். பச்சை இல்லைன்னா அதுக்குப் போக வழியில்லை, அங்கயே நிக்கும். சத்தம் போடாது, புகை வராது, சும்மா நிக்கும். யாரு வந்து தொடறாங்களோ அவங்க வழியா இறங்கும்."

சும்மா நிக்கும். இவளும் சும்மாதான் நிற்கிறாள். சொல்லிவிடலாம். எப்படிச் சொல்வது? அத்தையிடம் சொன்னால் அத்தை, "ஏஞ் சென்னி, பச்சை வேணுமாமே" என்று கேட்பாள், அவர், "அதெல்லாம் ஒன்னும் வேண்டாம் சித்தி" என்பார், முடிந்தது. அவர் சர்ட்டிபிகேட் வாங்கினவர். இவள் ஆறாம் வகுப்பு, அதுவும் பாதியில். வீட்டுக் கஷ்டத்தில் நின்றுவிட்டாள் என்று அம்மா எல்லாரிடமும் சொல்வாள், மாப்பிள்ளை வீட்டாரிடமும் அப்படித்தான் சொன்னாள். அது இல்லை. இவளுக்கு மட்டும் தெரியும். கணக்கு வகுப்பில் ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தது, டீச்சர் என்னை விடுங்க டீச்சர் என்று நாலு வார்த்தை, மனசுக்குள் நூறு தடவை சொல்லிப் பார்த்தாயிற்று, வாய்க்கு வரவில்லை, கையைத் தூக்கலாம் என்றால் கை தூக்கவில்லை, அப்புறம் பெஞ்சு ஈரமாகி, பக்கத்துப் பிள்ளை பாவாடையை இழுத்துக்கொண்டு எழுந்து... அடுத்த நாள் வயிற்றுவலி என்றாள். அதற்கடுத்த நாளும். அப்புறம் போகவே இல்லை. நாலு வார்த்தை. கால் ஈரமாக இருந்தது. எதற்கு இதெல்லாம் இப்போது. கோலத்து ஈரம்தான் இது. "நேரம் என்னடா ஆச்சு?" "பத்து அஞ்சு சித்தி." "வெசையா முடி சாமி, அப்பறம் ராகுகாலம் வந்துட்டா எல்லாம் வீணு." "ஆச்சு ஆச்சு. எனக்கும் அன்னூர்ல கல்யாணத்துக்குப் போகோணும், பந்தி முடிஞ்சுதுன்னா மொய் மட்டும் வெச்சுட்டு வரோணும்." அத்தை சிரித்தாள். அவர் நல்லவர்தான். ராத்திரி ஃபேன் நின்றால்கூட வந்து பார்ப்பார், காசு வாங்கமாட்டார். நல்லவர் ஒருத்தர் தெரியாமல் செய்யமாட்டாரே. தெரிந்தே செய்வாரா? அவர் வீட்டில் இப்படி மடித்து டேப் சுற்றுவாரா? சுற்றலாம். சுற்றிவிட்டுப் பதினைந்து வருஷம் ஒன்றும் ஆகாமலும் இருந்திருக்கலாம். ஒன்றும் ஆகாமலும் இருக்கும், அதுதான் இதில் மோசம். நாளைக்கு ஆகாது, நாளன்னிக்கு ஆகாது, ஒரு நாள் பால் பொங்கி வழிந்து கண்ணாடி ஓரத்தில் ஒழுகித் தகட்டு வழியாக இறங்கும், பாப்பா அதை நக்கப் போகும். வேண்டாம், அதை நினைக்காதே. நினைக்காமல் இருப்பதற்காகப் பாப்பாவை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள்.

அந்த ஒரு கிரைண்டரும் இப்படித்தான். அதை நினைக்கக்கூடாது என்றுதான் இருந்தாள், அதுவே வந்து நிற்கிறது. பட்டறையில் கடைசி வாரம். மூன்றரை மணி இருக்கும், எஸ்தர் அக்கா வாசலிலிருந்து, "மைதிலி, உங்கம்மா போன்ல" என்றாள். கையில் ஸ்குரூ, அதில் பல் வாசர், எதிரே கிரைண்டர். அப்படியே எழுந்து போனாள். ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்க வருகிறார்கள், பையன் மர வேலை, தங்கமான பையன் என்றாள் அம்மா. திரும்பி வரும்போது முகம் சூடாக இருந்தது, எல்லாரும் தன்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. மேஜையில் வேறொரு கிரைண்டர் உட்கார்ந்திருந்தது. அதையும் இறுக்கி, அடுத்ததையும் இறுக்கி, அப்புறம்தான் இடதுகையை விரித்தாள். ஸ்குரூவும் வாசரும் உள்ளங்கையில் பதிந்து கிடந்தன. போன கிரைண்டரை யாராவது முடித்தார்களா, முடிக்காமலே தள்ளிவிட்டார்களா? அடுத்த மேஜையில் மூடி போட்டாகிவிட்டது, அதற்கடுத்த மேஜையில் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. புதுசில் நன்றாகத்தான் ஓடும், பச்சை இல்லையென்றாலும் ஓடும். சுவரோரம் பன்னிரண்டு அட்டைப்பெட்டிகள் ஒட்டி அடுக்கியிருந்தன. அக்கா, அந்தப் பன்னெண்டையும் தொறந்து பாக்கோணும் அக்கா. அவ்வளவுதான் சொல்லவேண்டியிருந்தது. எஸ்தர் அக்கா இரண்டு தடவை இவள் பக்கமாக வந்தாள். இரண்டு தடவையும் இவள் குனிந்துகொண்டாள். ஐந்து மணிக்கு லாரி வந்தது. அந்த வாசரை இன்னும் வைத்திருக்கிறாள். பீரோவில், கல்யாணத்துக்கு வந்த குங்குமச்சிமிழுக்குள். மாதேசு ஒருநாள் எடுத்து, "என்ன இது, பல்லு மொளைச்ச வளையம்?" என்றான். "சும்மா" என்றாள். எந்த வீட்டுக்குப் போயிருக்கும் அந்தக் கிரைண்டர்? ஈரோடா, தேனியா? மாவுக் கையோடு கல்லைத் தூக்குகிற ஒருத்தி இருப்பாள். அவளுக்கும் ஒரு பாப்பா இருக்கும். யார் வீட்டில் கிரைண்டர் ஓடுகிற சத்தம் கேட்டாலும், ஓடி முடிந்து நிற்கிறவரைக்கும் இவளுக்கு மூச்சு சரியாக வருவதில்லை.

"முடிஞ்சுது சித்தி" என்று சென்னியப்பன் எழுந்து முட்டியைத் தட்டினார். "புதுசா ட்ரிப்பர் வேற போட்டிருக்கேன். ஏதாச்சும்னா அதுவா விழுந்துரும். மகாராசியா பாலைப் பொங்க வைங்க." சும்மா நிற்கிற கரண்டுக்கு அது விழுமா? அத்தை சூடத்தட்டைச் சுற்றினாள், ஓவன் நெற்றியில் மஞ்சள் தொட்டு வைத்தாள், பாப்பாவை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். குண்டாவை எடுத்து இவள் கையில் கொடுத்தாள். குண்டாவின் வெளிப்பக்கம் ஈரம். "வை சாமி. வெச்சுட்டுச் சுச்சைப் போடு. பத்து இருவது ஆச்சு." இவள் வைக்கவில்லை. பாப்பாவையும் கொடுக்கவில்லை. ஒரு கையில் பாப்பா, ஒரு கையில் பால். பெஞ்சு. அட்டைப்பெட்டி. அப்புறம் இவள் பாப்பாவின் காதோரம் குனிந்தாள். "பாப்பா" என்றாள், "பெரியப்பாகிட்டக் கேளு, பச்சை ஒயரை எங்க மாட்டியிருக்குதுன்னு கேளு." சென்னியப்பன் சிரித்தார். "அடேங்கப்பா! உங்கம்மா எப்ப கண்ணு எஞ்சினியரானா? அது வேண்டாம்னு சொல்லு. பாதி ஊட்டுல அது கெடையவே கெடையாது." "பாப்பா, அது வேணும்னு சொல்லு." இந்தத் தடவை வாய்க்கு வந்தது. "மடிச்சு டேப் சுத்துனதைப் பாத்தேன்னு சொல்லு." அவர் சிரிப்பு நின்றது. "சித்தி, இதென்னங்க சித்தி. இருவது வருஷமா இதே பொழப்பா இருக்கறேன்." அத்தைக்கு முகம் சிவந்தது. "மைதிலி! உனக்கென்ன தெரியும்? ஒறவு மொறை தெரியாம... நேரம் போவுது, பாலை வை." செல்போன் அடித்தது. மாதேசு. பால் பொங்குவதைப் பார்க்க வீடியோவில் வருகிறேன் என்று சொல்லியிருந்தான். அலமாரியில் அது நடுங்கி நடுங்கி நகர்ந்தது, யாரும் எடுக்கவில்லை. பாப்பா பளபளப்பைப் பார்த்து உடம்பை வளைத்தாள், இறங்கவேண்டும் அவளுக்கு, அந்த இன்னொரு பாப்பாவிடம் போகவேண்டும். இவள் இறுக்கிப் பிடித்தாள். பாப்பாவுக்கு வலித்தது, அழ ஆரம்பித்தாள். அழுகிற குழந்தை வழியாக எதையும் சொல்ல முடியாது. இவள் தலையைத் தூக்கினாள். மூன்று வருஷத்தில் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள், இடது புருவத்தில் ஒரு வெட்டுத்தழும்பு இருப்பது இப்போதுதான் தெரிந்தது. "மாமா" என்றாள். "பச்சை மாட்டாம நான் சுச்சைப் போடமாட்டனுங்க. என்ற புள்ளை இதை நக்குதுங்க மாமா."

அத்தை பாப்பாவைப் பார்த்தாள். ஓவனைப் பார்த்தாள். காலையிலிருந்து பேத்தியின் எச்சில் காய்ந்த தடம் தகட்டில் அப்படியே இருந்தது, அதற்குப் பக்கத்தில்தான் மஞ்சள் வைத்திருந்தாள். சென்னியப்பன் காதிலிருந்து ஸ்குரூடிரைவரை எடுத்தார். யாரையும் பார்க்காமல் போய் ட்ரிப்பரை இறக்கிவிட்டு வந்து குந்தினார், மூடியைக் கழற்றினார். "ஜன்னல் வழியா வெளிய இழுத்து, மீட்டர் பொட்டிக்கிட்ட எர்த் குழியில கொண்டுபோய் மாட்டோணும். அர மணி நேரம் ஆகும். பந்தியும் போச்சு, பாலும் போச்சு" என்றார், பெட்டிக்குள் பார்த்துக்கொண்டு. அரை மணிக்கு மேலேயே ஆனது. பத்தரை வந்து, போயிற்று. அத்தை பாலை எடுத்துப் பழைய காஸ் அடுப்பில் வைத்து, பொங்குவதற்கு முன்பே இறக்கிவிட்டாள். மறுபடியும் வந்த போனை எடுத்து, "பாலெல்லாம் ஒன்னும் பொங்கலை. சாயங்காலம் வந்து உன்ற பொண்டாட்டியையே கேட்டுக்க" என்று சொல்லிவிட்டுப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். சாயங்காலம் அவன் என்ன சொல்வான்? பத்து நாள் பலகை அறுத்தவன். அதைப் பிறகு பார்க்கலாம், அது தனியாக நிற்கட்டும். ஜன்னல் கம்பிக்கு நடுவே பச்சை ஒயர் உள்ளே வந்தது, இவள் இந்தப் பக்கமிருந்து இழுத்தாள். ஓவனின் முதுகுத் தகட்டில் அதை மாட்டுகிற இடத்துக்கு அவருடைய தடித்த கை நுழையவில்லை. இரண்டு தடவை ஸ்குரூ கீழே விழுந்தது. "பல் வாசர் இருந்தாத் தேவலை" என்று முனகினார். பீரோவில் ஒன்று இருக்கிறது. இவள் பீரோ இருந்த பக்கம் திரும்பினாள், ஆனால் போகவில்லை. அது இதற்கு உள்ளது இல்லை. அது போகவேண்டிய வீடு வேறே. சாதா வாசரையே எடுத்து வளையத்துக்குள் வைத்து, "குடுங்க மாமா" என்றாள். அவர் ஸ்குரூடிரைவரைத் தரையில் வைத்துத் தள்ளினார், இவள் எடுத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள், கண் தேவையில்லை. திருகத் திருக ஸ்குரூ உட்கார்ந்தது, வாசர் நசுங்கியது, பெயிண்டுக்குக் கீழே இரும்பு தட்டுப்பட்டது. "போதும் அம்மிணி" என்றார் அவர், நேராக அவளிடமே. "ஸ்குரூ மரை தேஞ்சு போயிரும்." இவள் கையை எடுக்கவில்லை. மூடிய கண்ணுக்குள் பன்னிரண்டு பெட்டிகள் சுவரோரம் அடுக்கியிருந்தன, மூடி ஒட்டி, லாரி வருவதற்கு முன்னால்.

"இன்னொரு கால் சுத்து இருக்குதுங்க மாமா" என்றாள்.